மொறிஸ் மைனர் எஞ்சினுக்கு எந்தப் பச்சை?

டைனமோவைக் கழற்றி, அதைத் தாங்கி நின்ற இரும்புத் துண்டையும் எடுத்த பிறகுதான் அந்தப் பச்சை கண்ணில் பட்டது. பெருவிரல் நகம் அளவு இடம். சுற்றிவர எத்தனையோ வருடத்து எண்ணெயும் புழுதியும் தோசைக்கல்லில் பிடித்த கரி மாதிரி இறுகிக் கிடந்தன. நான் சாண்ட் பேப்பரை எடுக்கவும் மெக்கானிக் அண்ணை கையைப் பிடித்தார். “தம்பி, உதைச் சுரண்டாதையும். இந்த எஞ்சினிலை மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி உதுதான்.” பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் பிரஷால் அவரே மெதுவாகத் துடைத்தார். நகம் அளவு இடம் தீப்பெட்டி அளவாகியது.

கார் மாமாவுடையது. 1960 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். உடம்புக்குப் பெயின்ற் அடித்து, சீற் தைத்து, ரயர் மாற்றி எல்லாம் முடிந்துவிட்டது. எஞ்சின் மட்டும் கராஜில் தனியாக நின்றது. என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் ஆளுக்கொரு பதில். கறுப்பு அடித்தால் ஊத்தை தெரியாது என்றார் ஒருவர். சில்வர்தான் வடிவு என்றார் இன்னொருவர். லண்டனில் இருக்கும் மச்சான் ‘பிஎம்சி பச்சை’ என்று எழுதியிருந்த ஒரு ரின்னின் படத்தை அனுப்பினான். ஹாட்வெயார் கடையில் கிடைக்கிற பச்சையைப் பூசினால் என்ன குறை என்று மாமாவே கேட்டார். இந்த வழிகளை எல்லாம் யோசித்து, இரண்டைச் செய்தும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ மைனர்கள் கொட்டகைகளில் நிற்கின்றன. அவற்றைத் திருத்தப் போகிறவர்களுக்கு இது உதவும்.

நிறத்தை யோசிக்க முன்னம் எஞ்சின் எது என்று தெரிய வேண்டும். 1948 இல் மைனர் வந்தபோது அதற்குள் இருந்தது 918 சிசி சைட் வால்வ் எஞ்சின். அது வேறு பரம்பரை, அதன் நிறக் கணக்கை இதோடு கலக்கக் கூடாது. 1952 இல் ஒஸ்ரினும் மொறிஸும் சேர்ந்து பிரிட்டிஷ் மோட்டர் கோர்ப்பரேஷன், சுருக்கமாக பிஎம்சி, என்ற ஒரே நிறுவனமாகின. ஒஸ்ரின் ஏ30 காருக்காகச் செய்த 803 சிசி ஏ சீரிஸ் எஞ்சின் அதே வருடம் மைனருக்குள் வந்தது. 1956 இல் அது 948 சிசி ஆனது, 1962 இல் 1098 சிசி ஆனது. 1971 இல் மைனர் உற்பத்தி நிற்கும் வரைக்கும் 1098தான். மைனருக்குள் போன இந்த ஏ சீரிஸ் எஞ்சின்களின் நிறம்தான் ஆட்கள் பிஎம்சி பச்சை என்று சொல்வது. வாழையிலைப் பச்சை என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் இருண்ட, அடங்கிய பச்சை. பிளொக் (எஞ்சினின் பிரதான உடல்), ஹெட் (அதன் மேல் பூட்டும் தலைப்பகுதி), ரொக்கர் கவர் (உச்சியில் இருக்கும் மூடி) எல்லாம் அதே நிறம்.

எஞ்சின் இலக்கம் பொறித்த சின்னத் தகடு பிளொக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே அறைந்திருக்கும். 803 என்றால் ஏபிஎச்எம் என்று தொடங்கும். 948 இன் முதல் வருடங்களில் ஏபிஜேஎம், பிறகு 9எம். 1098 என்றால் 10எம்ஏ. தகடு கழன்று போயிருந்தால் பிளொக்கின் பக்கத்தில் வார்ப்பிலேயே இருக்கும் எண்ணைத் தேடுங்கள்: 948க்கு 950 என்றும் 1098க்கு 1100 என்றும் புடைப்பாக இருக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சோதனையை ஒருவரும் தவிர்க்கக் கூடாது. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எரியாத மண்ணெண்ணெய் இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பெயாரிங் தேயும். ஒரு எஞ்சின் போனால் இன்னொரு காரில் இருந்து கழற்றிப் பூட்டுவார்கள். அதனால் 1960 ஆம் ஆண்டுக் காருக்குள் 1965 ஆம் ஆண்டு எஞ்சினும், அதற்கு மேலே மூன்றாவது காரின் ரொக்கர் கவரும் இருக்கலாம். ரொக்கர் கவரில் இருக்கும் பச்சையைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஏமாறுவது இதனால்தான். பிளொக் சொல்வதை நம்புங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. துடைக்கும்போது பச்சைக்குப் பதிலாகத் தங்க நிறமோ வெள்ளி நிறமோ வந்தால் யாரோ விசர் பிடித்துப் பூசியது என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். பழைய எஞ்சினைத் திருப்பிக் கொடுத்து, தொழிற்சாலையிலேயே புதுப்பித்த எஞ்சினை வாங்கும் முறை ஒன்று பிஎம்சியிடம் இருந்தது. கோல்ட் சீல் என்றால் தங்க நிறம் பூசி வரும், சில்வர் சீல் என்றால் வெள்ளி நிறம். உங்கள் காரில் அப்படி ஒன்று இருந்தால் தங்க நிறம் அதற்கு முழுக்க முழுக்கச் சரியான தொழிற்சாலை நிறம். அதைப் பச்சையாக்கினால் கார் புதிதாக வந்த நாளின் தோற்றம் கிடைக்கும். தங்க நிறத்திலேயே விட்டால் அந்த எஞ்சினின் உண்மைக் கதை மிஞ்சும். என்னைக் கேட்டால் தங்க நிறத்தையே விடச் சொல்வேன். கார் ஓடிய காலத்தில் அதற்கு நடந்த ஒரு காரியத்துக்கு அது அத்தாட்சி.

ஒரே நிறுவனம் என்றால் ஒரே நிறம் என்றும் இல்லை. பிஎம்சியின் பெரிய பி சீரிஸ் எஞ்சின் எம்ஜிஏ காருக்குள் மெரூன் நிறத்தில் போனது. எம்ஜிபியும் மெரூனில் தொடங்கிப் பிறகு கறுப்புக்கு மாறியது. அமெரிக்கக் கார்களில் வருடக் கணக்கு இன்னும் கறார். 1965 மஸ்டாங்கில் 289 வி8 எஞ்சினின் பிளொக் கறுப்பு, மேல்மூடிகளும் எயார் கிளீனரும் தங்க நிறம். 1966க்கு வந்தால் எல்லாம் நீலம். செவ்ரோலே வி8 என்றவுடன் எல்லாருக்கும் செம்மஞ்சள்தான் ஞாபகம் வரும். ஆனால் 1977 இல் அதுவும் நீலமாகிவிட்டது. ஒரு வருடம் தவறினால் நிறமும் தவறிவிடும் என்ற நிலை அங்கே. அதோடு பார்த்தால் மைனர்க்காரருக்குச் சுலபம், குடும்பம் முழுக்கப் பச்சை. அந்தப் பச்சையில் எது என்பதுதான் கேள்வி.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

மச்சான் காட்டிய ரின்னில் இரண்டு நல்ல விஷயங்கள் உண்டு. எஞ்சினுக்கென்றே செய்த எனாமல் என்பதால் சூட்டைத் தாங்கும். இந்த வகைப் பெயின்ற்கள் பொதுவாக 260 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்று ரின்னிலேயே போட்டிருப்பார்கள். பிளொக்கின் வெளிப்புறம் கொதிநீர்ச் சூட்டைத் தாண்டுவது அரிது, அதனால் அது தாராளம். பிரஷால் பூசினாலும் ஓரளவுக்குச் சமமாக இழுத்துக்கொள்ளும். ஆனால் பெயரை நம்பக் கூடாது. பிஎம்சி பச்சை என்ற ஒரே பெயரில் இங்கிலாந்தில் பலர் விற்கிறார்கள், ஒருவருடைய பச்சை மற்றவருடையதோடு ஒத்துப் போவதில்லை. ஒன்றில் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ஒன்று ஒரேயடியாகக் கறுத்திருக்கும். கணினித் திரையில் பார்த்துத் தெரிவு செய்யவும் முடியாது. மச்சான் அனுப்பிய படத்தை என் போனில் பார்த்தால் ஒரு பச்சை, மகளின் போனில் பார்த்தால் வேறு பச்சை. எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரர் எதைக் கேட்டாலும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வருவார்கள், இதை மட்டும் முடியாது. ரின்னோ ஸ்பிரேயோ, தீப்பற்றும் பொருள் என்று விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். தபாலிலும் அதே கதை. லண்டனிலோ பேர்மிங்ஹாமிலோ இருந்து மைனர் திருத்துகிறவருக்கு இது முதல் தெரிவாக இருக்கலாம், அதுவும் ஒரு சின்ன ரின் வாங்கித் தன் எஞ்சினில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அலைச்சல்தான் மிஞ்சும்.

மாமா சொன்ன ஹாட்வெயார் பச்சையை முதலில் ரொக்கர் கவரில் பரீட்சித்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்கும் கேற்றுக்கும் பூசுகிற சாதாரண எனாமல். தூரத்தில் நின்று பார்த்தால் குறை சொல்ல முடியாது, செலவும் மிகக் குறைவு. இரண்டு கிழமை காயவிட்டுப் பூட்டினேன். காபரேற்றரைத் திறந்து மூடும்போது சிந்திய பெற்றோல் ரொக்கர் கவரின் ஓரத்தால் வழிந்தது. துணியால் துடைத்தேன், பச்சையும் துணியோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் பெயின்ற் பிசின் மாதிரி இளகியிருந்தது. பிறகு முழுவதையும் சுரண்டி எடுக்க ஒரு நாள் போனது. நிறமும் பகலில் சரியில்லை. கேற்றுப் பச்சையில் ஒரு மினுக்கம் இருக்கிறது, எஞ்சினில் அது பொம்மைக் கார் மாதிரித் தெரிகிறது. தினமும் ஓட்டுகிற காருக்கு, அடுத்த வருடமும் திரும்பப் பூசலாம் என்கிற மனம் உள்ளவருக்கு அது போதும். பழைய கார்க்காரர் சிலர் இப்போதும் பூசும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லக்கரை மட்டும் எஞ்சினுக்குக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள். 

கறுப்பு, சில்வர் யோசனைகளை நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. டட்சன் எஞ்சின் பூட்டிய மைனராக இருந்தால் எந்த நிறமும் அடிக்கலாம், அதற்குப் பிஎம்சி பச்சை பூசி வேஷம் போட வேண்டியதில்லை. சொந்த எஞ்சினே இருக்கும் காருக்குக் கறுப்பு அடிப்பது எனக்கு மனம் கேட்கவில்லை. ஊத்தை தெரியாது என்பது உண்மை. ஒயில் எங்கிருந்து கசிகிறது என்பதும் தெரியாது. கறுப்பு எஞ்சினில் ஒரு கசிவைக் கண்டுபிடிக்க ரோர்ச் லைற்றோடு குனிந்து திரிய வேண்டும்.

கடைசி வழி, எஞ்சினில் மிஞ்சியிருக்கும் பச்சையை வைத்தே ஊரில் உள்ள கார் பெயின்ற் கலக்கும் கடையில் நிறம் கலப்பது. இதைத்தான் செய்தோம். இதில் வேலை அதிகம், ஆனால் கிடைத்த நிறத்தைப் பார்த்தபோது அந்த வேலை எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

பிளொக்கைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நிறம் அளக்கும் கருவிக்கும் வார்ப்பிரும்பின் சொரசொரப்பு ஒத்துவராது, அதற்குத் தட்டையான இடம் வேண்டும். அதனால் கழற்றி எடுக்கக்கூடிய, வழவழப்பான, பச்சை மிஞ்சியிருக்கும் ஒரு துண்டைத் தேடினோம். கிடைத்தது முன்பக்கத்து டைமிங் செயின் கவர். பெல்ட் ஓடும் முன் சக்கரத்தைக் கழற்றியதும் அதன் பின்னால் ஒரு வளையம் முழுக்க நல்ல பச்சை. வெயில் படவில்லை, கையும் படவில்லை. முதலில் அதைப் பிளொக்கில் கண்ட தீப்பெட்டி அளவுப் பச்சைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம், கவர் வேறு காருடையதாக இருந்தால் எல்லாம் வீண் அல்லவா? ஒத்துப் போனது.

மறைந்திருந்த பச்சை என்பதற்காக அது அப்படியே பழைய நிறம் என்று எடுக்கவும் கூடாது. எண்ணெய் சேர்ந்த எனாமல்கள் இருட்டில் இருந்தால் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கவரை நான்கு நாள் முற்றத்து வெயிலில் வைத்தேன். பிறகு ஒரு மூலையை மட்டும் கட்டிங் கொம்பவுண்டால் (பெயின்றைத் தேய்த்து மினுக்கும் பசை) மெதுவாகத் தேய்த்தேன். தேய்த்த இடம் மற்ற இடத்தைவிட ஒரு சாயல் குளிர்ந்த பச்சையாக வந்தது. கடைக்காரரிடம் காட்டியது அந்த மூலையைத்தான்.

அவர் கண்ணாலேயே கலந்தார். முதல் கலவை ரியூப் லைற்றுக்குக் கீழே அச்சு அசலாக இருந்தது. வாசலுக்கு வந்து பார்த்தால் மஞ்சள் தூக்கிவிட்டது. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப் போகும் இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும், கலப்பில் சேர்த்த நிறப்பொடிகள் வேறு வேறாக இருப்பதால் வருவது அது. அதனால் எந்தக் கலவையையும் ஒரு அட்டையில் அடித்து, முழுக்கக் காயவிட்டு, காலை நேரத்தில் நிழலான வெளியில் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது ஒப்பிட்டால் பிழையாகிவிடும், காய்ந்ததும் நிறம் மாறும். எங்களுக்கு மூன்றாவது அட்டை சரி வந்தது. கொஞ்சம் கறுப்பும் ஒரு பொட்டு நீலமும்தான் குறைந்திருந்தது.

எந்தப் பெயின்றில் கலப்பது என்பதற்கு என் பதில் 2கே, அதாவது ஹாட்னர் (பெயின்றை இறுக வைக்கும் திரவம்) சேர்த்து அடிக்கும் கார் பெயின்ற். காய்ந்த பிறகு பெற்றோல் சிந்தினாலும் ஒயில் வழிந்தாலும் அசையாது. எஞ்சின் எனாமல் அளவுக்குச் சூடு தாங்காது என்பது உண்மை. ஆனால் பிளொக், சம்ப் (அடியில் ஒயில் நிற்கும் தொட்டி), ரொக்கர் கவர் இவற்றில் வருகிற சூட்டை அது தாங்கிக்கொள்ளும். எக்ஸோஸ்ட் துவாரங்களைச் சுற்றி, ஹெட்டின் இடப்பக்கத்தில் மட்டும் நாளடைவில் கருகலாம். தொழிற்சாலைப் பெயின்றும் அந்த இடத்தில் கருகித்தான் போனது, எந்தப் பழைய எஞ்சினைப் பார்த்தாலும் தெரியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2கே ஹாட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. விசிறும்போது பறக்கும் அதன் நுண்துளிகள் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம், சாதாரணத் தூசு மாஸ்க் அதை மறிக்காது. வீட்டு முற்றத்தில் வைத்து அடிக்க வேண்டாம். வெளியில் இருந்து காற்று வரும் முகமூடி வைத்திருக்கும் கார் பெயின்ற்காரரிடம் கொடுங்கள். அப்படி ஒருவர் கிட்டத்தில் இல்லையென்றால், ஹாட்னர் இல்லாத எஞ்சின் எனாமலில் நிறத்தைக் கலக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நிறம் கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை.

மினுக்கத்தையும் கவனியுங்கள். தொழிற்சாலையில் எஞ்சினைப் பூட்டி முடித்த பிறகு அதற்கு மேலேயே விசிறி விட்டார்கள். கஸ்கட்டின் ஓரமும் போல்ட் தலையும் சேர்ந்து பச்சையாகும். பூச்சு மெல்லியது, வார்ப்பின் சொரசொரப்பு அதற்குள்ளால் தெரியும். இப்போது திருத்துகிற பலர் வார்ப்பைப் புட்டி போட்டு நிரப்பி, கண்ணாடி மாதிரி மினுக்கி, ஒவ்வொரு போல்ட்டையும் குரோம் பண்ணிப் பூட்டுகிறார்கள். நிறம் சரியாக இருந்தும் எஞ்சின் அந்நியமாகத் தெரிவது அதனால்தான். நாங்கள் ஒரு கோட் மெல்லிய பிறைமர், அதன் மேல் இரண்டு கோட் பச்சை, மினுக்கம் அரைவாசி. போல்ட்டுகளைப் பூட்டியபடியே அடித்தோம்.

மெனிபோல்ட்டை (எஞ்சினில் இருந்து எரிந்த புகையை வெளியே கொண்டு போகும் குழாய்) பச்சையாக்கவே கூடாது. அதன் சூடு பல நூறு பாகை, எந்தப் பச்சையும் முதல் நாளே புகைந்துவிடும். அது வெறும் வார்ப்பிரும்பாகவே இருக்க வேண்டியது. துரு பிடிக்கும் என்று கவலை இருந்தால் சைலென்சருக்கு அடிக்கும் சூடு தாங்கும் பெயின்றில் சாம்பல் நிறத்தை மெல்லிசாக அடிக்கலாம். எஸ்யூ காபரேற்றரின் அலுமினியத்தையும் அப்படியே விடுங்கள். டைனமோவும் ஸ்ராட்டரும் கறுப்பு. எஞ்சின் இலக்கத் தகட்டை ரேப் ஒட்டி மறைக்காமல் அடித்த ஒரு காரைப் பார்த்திருக்கிறேன். இலக்கத்தை வாசிக்க முடியாமல் திரும்பச் சுரண்ட, எழுத்தும் சேர்ந்து போய்விட்டது.

அடிக்கும் நாளில் தகட்டோடு சேர்த்து இன்னொரு இடத்துக்கும் ரேப் ஒட்டினார் அண்ணை, டைனமோவுக்குப் பின்னால் அந்தத் தீப்பெட்டி அளவுப் பழைய பச்சைக்கு. இனி இந்தக் காரைத் திருத்தப் போகிறவர் எங்கள் கலவையைப் பார்த்து நிறம் எடுக்கத் தேவையில்லை. கடைக்காரர் எழுதித் தந்த கலவைக் கணக்கை மாமா காரின் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். டைனமோவின் இரும்புத் துண்டு அந்த இடத்துக்கு மேல் திரும்ப ஏறிவிட்டது.